அத்தானின் பாய்ப்படகு

கண்டி வாவியின் நடுவில் பாய்ப்படகு ஒருபுறம் சரிந்த கணத்தில், என் அத்தானின் வலக்கை முதலில் தம் தலைப்பாகைக்குத்தான் போயிற்று. நடை பழகி ஓரிரு மாதங்களே ஆகியிருந்த அவருடைய மகன், அவருக்கு ஒரு முழத் தொலைவில் நின்றிருந்தான். எத்தனையோ சந்நிதிகளில் நின்று கரைந்த என் கண்களால் அந்தக் கை மேலெழுந்த காட்சியை மட்டும் இன்றளவும் கழுவிக்கொள்ள இயலவில்லை.

ரயில் கடுகண்ணாவை மலையேறி வருவதற்கு முந்திய காலம் அது. தோட்டத்துக் கோப்பி மூட்டைகளை மாட்டுவண்டிகளில் கொழும்புக்கு இறக்கும் கொந்தராத்து ஒப்பந்தம் அத்தானுடையது. என் அக்காளின் கணவர் என்பதற்கு மேல் மதிக்கத்தக்க தகுதி ஒன்றையும் அவரிடம் நான் கண்டதில்லை. சீமைக்குத் திரும்பிய துரையொருவர் விட்டுச்சென்ற படகை அவர் வாங்கினார். நீந்தத் தெரியாது. துரை சுக்கான் பிடித்ததைக் கரையில் நின்று சில மாலைகள் வேடிக்கை பார்த்ததே அவர் கற்ற கப்பற்கலை. வெள்ளோட்டத்தன்று, நாள்தோறும் பதிகம் ஓதும் என்னைப் பார்த்து, “மாப்ளே, படகுக்குத் தோதா ஒரு பதிகம் எடுத்து வுடுங்க. கரையில துரைமாரெல்லாம் நிக்கிறாங்க,” என்றார். பிறவிப் பெருங்கடலுக்கு இறைவன் திருவடியே புணை என்று உருகிய அடியார்களின் வாக்கு, அவருக்குப் படகுப் பலகையில் பூசும் மெருகெண்ணெய்க்கு ஒப்பானது. நான் பாடவில்லை.

குழந்தையின் சாதகத்தில் நீர்க்கண்டம் இருப்பதாகச் சோதிடர் சொல்லியிருந்தார். அறிவுள்ள தகப்பன் பிள்ளையை நீரிலிருந்து விலக்கி வைப்பான். அத்தானோ மந்திரம் ஓதிய வெள்ளித் தாயத்து ஒன்றை அதன் அரைஞாணில் கோத்துவிட்டு, கண்டம் கழிந்துவிட்டது என்று ஊருக்குக் காட்டவே பிள்ளையைப் படகேற்றினார். வாவிக்கரையில் உலாவுவோர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கால்களில் கனத்த வெள்ளித் தண்டைகள் வேறு. நீரில் விழுந்தால் பிள்ளையை அடிமண்ணுக்கு இழுத்துச்செல்ல அவையே போதும்.

“புள்ளய என் இடுப்போட ஒரு கயித்துல கட்டிக்கிறேங்க,” என்று அக்காள் கேட்டாள்.

“கட்டிப் போட அது என்ன ஆட்டுக்குட்டியா? தாயத்துக்கு மேல கயிறு கட்டினா சாமிய நம்பலன்னு ஆயிரும். பலிக்காம போயிரும்!”

அக்காள் பிள்ளைக்குப் பட்டுச் சட்டை மாட்ட உள்ளே போனாள். அத்தானின் இறையியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கயிற்றைக் கண்டு கோபித்துக்கொள்ளும் தெய்வத்தைத்தான் அவர் தம் அளவுக்குச் செய்துவைத்திருந்தார்.

நாங்கள் நால்வரும் வாவியின் நடுவுக்குப் போனபோது, மலையிறங்கிய காற்று பாயை மறுபக்கம் அறைந்தது. கை தலைப்பாகைக்குப் போனது. பிள்ளை விளிம்பைத் தாண்டி நீரில் மறைந்தான். நான் வாயெடுத்து அலறுமுன், அக்காளின் முந்தானைக்குள்ளிருந்து நூல்சேலைக் கிழிசல் ஒன்று விறைத்து நீண்டது. பட்டுச் சட்டைக்குள் பிள்ளையின் மார்போடு சுற்றி, மறுமுனையைத் தன் இடுப்பில் அவள் களவாக முடிந்திருந்தாள். நானும் அவளுமாக இழுத்தோம். தண்டைகளின் கனம் எங்களை எதிர்த்தது. மேலே வந்த பிள்ளை நீரைக் கக்கி, பிறகு வீறிட்டான். அதைவிட இனிய பண் எதையும் நான் கேட்டதில்லை.

கரையேறியதும் அத்தான் பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து, “பாத்தீங்களா! தாயத்து காப்பாத்திருச்சு!” என்று கூட்டத்துக்குக் கூவினார். ஈரக் கிழிசல் அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கோயிலில் தேங்காய் உடைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையோடு மறுபடி படகேறப் போவதாகச் சொல்லி, மற்ற கொந்தராத்துக்காரர்களையும் வேடிக்கை பார்க்க அழைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, அழைத்தவர்கள் எல்லாம் கூடியிருக்க, அக்காள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து தாயத்தை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள்.

“இத நீங்க கட்டிக்கிட்டு மொதல்ல தண்ணியில எறங்குங்க. கரையேறி வந்தீங்கன்னா புள்ளய நானே படகுல ஏத்துறேன்.”

“எனக்கு எதுக்குடி? என் சாதகத்துல நீர்க்கண்டமே இல்லயே!”

“அப்ப ரொம்ப வசதியாப் போச்சு. பயமில்லாம எறங்கலாமே.”

கூடியிருந்தவர்களில் ஒருவர், “எறங்குங்க அண்ணாச்சி, நாங்க தலைப்பாகைய வாங்கி வச்சுக்கிறோம்,” என்றார். சிரிப்பு வாவியின் அக்கரை வரை போயிற்று. அத்தான் வானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்றார். வானத்தில் மேகமே இல்லை. அவருடைய சமுத்திரப் பயணங்கள் அன்றோடு முடிந்தன.

பின்னர் ரயில் வந்து வண்டிகளைத் தின்றது. இலைநோய் வந்து கோப்பியைத் தின்றது. மலையெங்கும் இன்று தேயிலை. அத்தானும் போய்ச் சேர்ந்தார். அன்று நீரில் விழுந்த என் மருமகன் இன்று பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டான். சென்ற தைப்பொங்கலன்று, தன்னைக் காப்பாற்றியது அப்பா கட்டிய தாயத்துதான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அவன் மெய்சிலிர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாய்திறந்தேன். முதுமையில் ஒடுங்கிப்போயிருந்த அக்காள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.

“விடு தம்பி. உசிரோட ஒக்காந்து பேசுறான்ல. யார் பேரச் சொன்னா என்ன?”

அத்தகைய அருள் அவளுக்கு வாய்த்தது. நாள்தோறும் மூன்று வேளை திருவடியைப் பாடியும் எனக்கு அது வாய்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன்.