கதைப்புத்தகம் வாசித்துப் பிழைத்தவள்

ஆண்டவருக்கு நன்றி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாதியில் சில பேர் கோபப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

என் பெயர் செல்லக்கனி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற வேலை. மரச்சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகளை வரிசையாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு முப்பத்தாறு வயதானபோது, தீட்டு வந்தால் நிற்காத நோய் வந்தது. மாதத்தில் இருபது நாள் போகும். எங்கள் தெருவுக்குக் குழாய்த்தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை. குடிக்கவே குடத்தை எண்ணிச் செலவழிக்கிற ஊரில் ரத்தத்துணி அலசுவது என்ன பாடு என்று ஆண்களுக்குத் தெரியாது. அரை வாளியில் அலசி, பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவேன். காயாமலே எடுத்துக் கட்டிய நாட்களும் உண்டு. அழுவேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவேன்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த சபையில் மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு. யாரும் கையைப் பிடித்துத் தடுக்க மாட்டார்கள். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவளைப் பார்க்கிற பார்வையே வேறு. கழுகுமலை ரோட்டில் நடந்த உபவாசக் கூட்டத்தில் ஒரு ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். சுகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது விசுவாசம் இல்லை, பார்க்கும் முன்னாலேயே சுகமானேன் என்று அறிக்கை செய்ய வேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, சுகமாகிவிட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே ஐந்து நாளாக நின்றிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

இங்கேதான் என் தப்பு இருக்கிறது. எங்களைப் போன்ற விசுவாசிகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. சுகமானேன் என்று சபையில் சொல்லியாகிவிட்டது. இனி டாக்டரிடம் போனால் கர்த்தரைப் பொய்யராக்கிய மாதிரி ஆகும். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். பாஸ்டர் ஐயாவுக்கு என் சாட்சி ரொம்பப் பிடித்துப்போனது. குளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கூட்டத்துக்கு வேன் வைத்து என்னைக் கூட்டிப்போனார். மூன்று துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பிடித்து, சுகமானேன் என்று அங்கேயும் சொன்னேன். சொல்லும்போதே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த தைக்குள் மாடிப்படி ஏற முடியவில்லை. நகம் வெளுத்துவிட்டது. ஆபீஸில் ஒருநாள் அப்படியே சாய்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தங்கராஜ் பஞ்சு ஆலையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். ஆஸ்பத்திரிக்கு வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். நான் அசையவில்லை. அன்றைக்கு மட்டும் கத்திவிட்டார்.

“ஏட்டி, கர்த்தரு பேரக் காப்பாத்த நீ சாகணும்னு அவரு கேட்டாரா?”

கோபம் கோபமாக வந்தது. அவர் மேலா, என் மேலா, ஆண்டவர் மேலா என்று தெரியவில்லை. முழங்காலில் நின்று, என்னோடு பேசும் ஐயா, யார் மூலமாகப் பேசினாலும் கேட்கிறேன் என்று ஜெபித்தேன். பிரசங்கியார் யாராவது வருவார் என்றுதான் நினைத்தேன்.

வந்தது ரீட்டா அக்கா. ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறவள், கத்தோலிக்கக்காரி. நான் உட்கார்ந்திருந்த சாக்கில் கறை பட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். சாக்கைத் திருப்பிப் போட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அட்டையும் முதல் பக்கங்களும் கிழிந்துபோன ஒரு கதைப்புத்தகத்தைக் கொடுத்து, இதில் ஒரு பொம்பளை இருக்கிறாள், வாசித்துப் பார் என்றாள்.

பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கு நிற்காமல் கஷ்டப்பட்டு, ஆண்டவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டுச் சுகமான பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதை அது. வேதத்தில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. சில வசனங்களில் வந்து போய்விடுவாள். அந்த வசனங்களை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் பன்னிரண்டு வருஷம் என்று வாசிக்கும்போது அதை ஒரு எண்ணாக மட்டுமே வாசித்திருக்கிறேன். அந்தப் புத்தகம் எழுதியவர் பன்னிரண்டு வருஷத்தையும் என் முன்னால் பிரித்துப் போட்டார். அவள் துணியை எங்கே அலசினாள்? கிணற்றடியில் மற்றப் பெண்கள் எவ்வளவு தள்ளி நின்றார்கள்? யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை? வேப்பமரத்தடியில் சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். சோறு இறங்கவில்லை. இதை எழுதியவர் என்னை எங்கே பார்த்தார் என்று இருந்தது.

கதையில் அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. வேதத்தில் தங்கச்சி இல்லை. அது எனக்குத் தெரியாதா? உளுந்தில் கல் பொறுக்கத் தெரிந்தவளுக்கு வசனம் எது, கதை எது என்று பிரிக்கத் தெரியாதா?

கடைசிப் பகுதிக்கு வந்தேன். தொட்டுவிட்டாள். நின்றுவிட்டது. ஆண்டவர் திரும்பி, என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். கூட்டம் நெருக்குகிறது, யாரும் பார்க்கவில்லை. அவள் பேசாமல் நழுவிப் போயிருக்கலாம். புத்தகம் எழுதியவர் அதைப் பக்கம் பக்கமாக விவரித்திருந்தார். அவள் மேலே பட்டதால் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் தீட்டுப்பட்டவர்கள் ஆவார்கள், அவளை அடிக்கவும் அடிக்கலாம். இருந்தாலும் முன்னால் வந்து எல்லா உண்மையையும் சொல்கிறாள். ஆண்கள் அங்கியை உதறிக்கொண்டு விலகுகிறார்கள். அவள் நிறுத்தாமல் சொல்கிறாள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். அவள் சுகமான பிறகும் உண்மையைச் சொன்னாள். நான் சுகமாகாமலே பொய் சொன்னேன். ஆண்டவர் என்னோடு பேசியது அங்கேதான், அந்த வேப்பமரத்தடியில், ஒரு கதைப்புத்தகம் மூலமாக. யார் என்ன சொன்னாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வேதத்தைத் திறந்து பார்த்தேன். அவள் எல்லா உண்மையையும் சொன்னாள் என்பது வேதத்திலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். பழைய சாட்சிதான் வரப்போகிறது என்று பாஸ்டர் ஐயா சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

“எனக்கு சுகமாகல. அன்னைக்கு சொன்னது பொய். இப்பவும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்” என்றேன்.

யாரோ அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்கள். தங்கராஜ் மட்டும் பாடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என் பிள்ளைகளின் காய்ச்சலுக்கெல்லாம் வந்து ஜெபித்தவர். மேசையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. கர்த்தர் எழுதாமல் விட்டதை மனிதன் எழுதுவது பாவம், அடுப்பில் போடு என்றார்.

“ஐயா, பிரசங்கத்துல அந்தம்மா தவழ்ந்து தவழ்ந்து வந்தா, அழுதுக்கிட்டே வந்தான்னு சொல்லுதீங்களே, அது எந்த வசனம்?” என்று கேட்டேன். “அவ எல்லா உண்மையையும் சொன்னாங்கிறது வசனம். அத மட்டும் நீங்க சொன்னதே இல்ல.”

அவர் எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி, பல மாதம் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். தங்கராஜின் ஆலைக்காரர்கள் வந்து கொடுத்தார்கள். அதில் பாதிப் பேர் திருநீறு பூசியவர்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதலில் துணியைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அழுதேன். அவர்தான் சுகம் கொடுத்தார். டாக்டரம்மா கையால் கொடுத்தார் என்பதால் அது குறைந்த சுகம் இல்லை.

வீட்டில் படுத்திருந்தபோது சபைப் பெண்கள் தனித்தனியாக வந்தார்கள். ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு, தன் இடுப்புவலியும் போகவே இல்லை என்றாள். இன்னொருத்தி புத்தகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். ரீட்டா அக்காவுக்கு அது திரும்பிப் போய்ச் சேரவே இல்லை. எத்தனை பேர் கையில் சுற்றுகிறதோ, சுற்றட்டும்.

ஒன்று பாக்கி இருந்தது. நடக்கத் தெம்பு வந்ததும் குளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குத் தங்கராஜோடு பஸ்ஸில் போனேன். மைக் இல்லை, வேன் இல்லை. வீடு வீடாகப் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் பாக்கியம் என்ற அம்மா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கால்விரலில் ஆறாத புண், சர்க்கரை நோய். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

“நீ அன்னைக்கு சொன்னியேன்னுதான் தூர எறிஞ்சேன், தாயி” என்றார்கள்.

அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு விரல் போயிற்று. காலை ஆண்டவர் காப்பாற்றினார்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, ஆண்டவரை நம்புங்கள். ஜெபித்துக் கேளுங்கள், எந்த வழியாகப் பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கிழிந்த கதைப்புத்தகமாக வந்தாலும் சரி. ஆனால் சுகமாகவில்லை என்றால் சுகமாகவில்லை என்று எழுந்து சொல்லுங்கள். உங்கள் பொய் இல்லாமலே அவர் தேவனாக இருப்பார். நீங்கள் பொய் சொன்னால், அதை நம்பி எங்கோ ஒருத்தி மாத்திரையைத் தூர எறிவாள்.