நஸ்ரீனின் செல்கள் சாக மறுத்த கதை

“ஆன்ட்டி, சாம்பார்ல உப்பு இல்லைன்னா நாலு பேர் சண்டைக்கு வர்றாங்க. எனக்கு மூணு தடவையா ஒரு செல்கூடச் சாகல, அதை யாராவது கேட்டீங்களா?”

மாடியில் பேயிங் கெஸ்ட் வைத்துச் சோறு போடும் தொழிலில், ஊரார் குறையெல்லாம் நம் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வந்து சேரும். அனுபவிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குறை, ஆம்பூரிலிருந்து வந்து எங்கள் சேலையூர் வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்யும் நஸ்ரீனுடையது.

காவலுக்கு நிற்பவை

“எதுக்குச் சாகணும்?” என்று கேட்டது என் தப்பு. மூளைக்குள் காவல் காக்கும் செல்கள் இருக்கின்றனவாம். பாக்டீரியா நுழைந்தால் அவை சத்தமில்லாமல் சாகாதாம். உப்பி, வெடித்து, உள்ளே இருப்பதை வெளியே கொட்டி, அக்கம்பக்கத்தையும் வீங்க வைத்துவிட்டுத்தான் போகுமாம். என் நாத்தனார் கோபித்துக்கொண்டு கிளம்புவதும் இப்படித்தான்.

அந்தச் சாவைத்தான் இவள் ஆராய்கிறாள். லேப் தட்டில் வளர்த்த செல்களோ, கிருமியை ஊற்றியும் ஜம்மென்று இருந்தன. நாலாவது தடவையும் வெடிக்காவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடுவதாகக் கைடு மேடம் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு. அழுகையும் ரசமுமாகச் சாப்பிட்டாள். சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கும் மாடி ஷீபா தட்டிலிருந்து நிமிரவில்லை. “எங்க டீம் லீடரை அனுப்பி வைக்கிறேன். ரெண்டு மீட்டிங்ல செத்துடும்.”

ஒதுக்கிய தட்டு

மறுநாள் நஸ்ரீன் சாப்பிட்ட தட்டு மட்டும் கழுவாமல் கிடந்தது. பாத்திரம் தேய்க்கும் சரசாவிடம், கிருமியெல்லாம் லேபிலேயே இருக்கிறது, கையுறை போடுகிறாள், கை கழுவுகிறாள் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் குரலில் விளக்கினேன். சரசா பொறுமையாகக் கேட்டாள். “அத்த வுடுக்கா. காவக்காரன் நல்லாத்தானே கீறான்? சாவலையேன்னு இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு அழுதுகினு கீது?”

உறையாத பால்

இரண்டு நாளாகத் தயிர் உறையவில்லை. பால்காரர் முனுசாமியை வாசல் கேட்டிலேயே பிடித்தேன். தண்ணீர் கலந்தாலும் ஒரு மரியாதையோடு கலக்க வேண்டாமா?

“தண்ணி இல்லக்கா. மாட்டுக்கு மடி வீங்கி ஊசி போட்டுகினு கீறோம். மருந்து பால்ல எறங்கிடும். உன் உறைமோர் அதுல பொழைக்காது.”

அந்தப் பாலை எனக்கு எப்படி ஊற்றலாம் என்று நான் ஆரம்பிக்க, பின்னால் பல் துலக்கிக்கொண்டிருந்த நஸ்ரீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல் வளர்க்கும் திரவத்தில், வேண்டாத கிருமி வராமலிருக்க அதே ஜாதி மருந்தைத்தான் கலப்பார்களாம். செல்களுக்குக் கிருமி கொடுக்கும் நாளில் அதை நிறுத்த இவளுக்குத் தோன்றவில்லை. இவள் ஊற்றிய கிருமியை அந்த மருந்து அப்போதே தீர்த்துக்கட்டியிருக்கிறது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடினாள். நான் முனுசாமியை விடவில்லை. “அந்தப் பொண்ணுக்கே இன்னாமோ புரிஞ்சிபோச்சு. நீ ஏன்க்கா இன்னும் கத்திகினு கீற?”

நல்ல செய்தி

அடுத்த வாரம் ஒரு மாலை, தெரு முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்: “ஆன்ட்டி, செத்துடுச்சு, எல்லாம் வெடிச்சு செத்துடுச்சு.” மாடிப் பெண்கள் தடதடவென்று இறங்கி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டு அருள்மணி சார், ஃபிளாஸ்க் நிறையக் காப்பியோடு தலைகுனிந்து வந்தார். நஸ்ரீன் அவர் கையில் ஒரு மைசூர்பாகை வைத்தாள். அதைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்: “எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?”

சாவுக்கு இனிப்பு கொடுத்த வீடு என்று தெருவே பேசுகிறது, மாடியிலோ கொண்டாட்டம் ஓயவில்லை, தண்ணீர்த் தொட்டி வழிந்து கொடியில் காயும் என் புடவைமேல் கொட்டுகிறது, நான் கீழிருந்து கத்துகிறேன்: “யாராவது அந்த மோட்டாரை நிறுத்துங்களேம்மா.”