ஆதிமூலத்தின் முறைத் தண்ணீர்

ஆதிமூலம் யாரிடமும் மண்வெட்டி இரவல் வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து குடித்தாலும் தன் டீக்குத் தானே காசு வைத்துவிட்டு எழுந்து வருவார். கட்டிய மனைவி கமலா பக்கத்தில் நிற்கும்போதே நைனார்பாளையம் அவரைத் 'தனிக்கட்டை' என்றுதான் சொல்லும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் கொடுத்த கிணறோ கூட்டுக் கிணறு. தாத்தா காலத்தில் பங்காளிகள் நால்வர் சேர்ந்து வெட்டியது. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர், அதற்கு முறை என்று பேர். யாருக்கு முறையோ அவரிடம் மோட்டார் கொட்டகைச் சாவி இருக்கும். மறுநாள் விடிந்ததும் அடுத்த பங்காளி வீட்டு வாசல் ஆணியில் அதை மாட்டிவிட்டு வர வேண்டும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத வருடங்களில்கூடச் சாவி வீடு மாறத் தவறியதில்லை.

எண்பத்தேழாம் வருடம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கிளம்பியது. மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் ரோட்டுக்கு வர வேண்டும் என்று முடிவானது. முடிவைச் சொன்னவர் சின்னதுரை; ஆதிமூலத்தின் பெரியப்பா மகன், கிணற்றிலும் பங்காளி. அந்த மனிதர் வாயைத் திறந்தால் 'நாம'தான். தனக்குப் பசித்தால்கூட "நமக்குப் பசிக்குது" என்பார்.

ஆதிமூலம் எழுந்தார்.

"கேக்கறது நாயம்தான்ணே. நம்ம புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேலை வேணும், யாரு இல்லேன்னா? ஆனா வூட்டுக்கு ஒரு ஆளுன்னு எண்ணி ஓட்டிக்கினு போறதுக்கு நான் இன்னா ஆடா? வரணும்னு எனக்கா தோணுனா வருவேன்."

"அவனவன் தோணுறப்ப வந்தா எவன்டா நம்மள மதிப்பான்? ஒத்தையில நின்னு இதுவரைக்கும் இன்னாத்த வாங்கிட்ட நீ?"

"ஒண்ணும் வாங்கல. அதுக்காவ என் முடிவ ஊரு எடுக்கணுமா?"

சின்னதுரைக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கூட்டு வேணாம்னா கூட்டுக்கெணறு மட்டும் எதுக்குடா உனக்கு?"

கோபத்தில் விழுந்த வார்த்தைதான். ஆனால் சபையில் கொட்டியதை அள்ள முடியுமா? மற்ற இரண்டு பங்காளிகளும் தலையாட்டிவிட்டார்கள். அடுத்த முறை நாள் விடிந்தபோது ஆதிமூலம் வீட்டு ஆணியில் சாவி இல்லை.

நெல் பால் பிடிக்கிற நேரம் அது. மழையும் ஏமாற்றியிருந்தது. இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிரெல்லாம் பதராகிவிடும். அந்த ஒரு கழனிதான் அவர்கள் வீட்டு வருடச் சோறு.

"போயி ஒரு வார்த்த சொல்லுங்களேன். வாயில இருக்கற முத்தா உதுந்துடும்?" என்று கமலா அழுதாள். ஆதிமூலம் வரப்பில் உட்கார்ந்து வெடிக்கத் தொடங்கிய மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறியலில் பங்காளிகள் மூவரையும் போலீஸ் பிடித்துக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டது. மூன்று வீட்டிலும் பெண்கள் மட்டும். கிணற்றிலோ கிழட்டு மோட்டார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தாஜா பண்ணினால்தான் கிளம்பும். சின்னதுரை மனைவி பெரியநாயகி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாவியோடு வந்து நின்றாள்.

"தம்பி, எங்க கதிரும் காயுது. உனக்குத்தான் அந்த மோட்டாரு மசியும். மொதல்ல உன் கழனிக்குப் பாச்சிக்கோ, நான் கேக்க மாட்டேன்."

"இன்னிக்கு யாரு மொறை அண்ணி?"

"எங்க மொறைதான்."

சின்னதுரை கழனிக்குத் தண்ணீர் போனது. மறுநாள் அடுத்தவருக்கு, அதற்கு மறுநாள் மூன்றாமவருக்கு. நான்காம் நாள் ஆதிமூலத்தின் முறை. அவர் மோட்டார் பக்கமே போகவில்லை.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் கமலா.

"எனக்குத் தண்ணி இல்லேன்னு மூணு பேரும் சேந்து சொன்னாங்க. அவங்க ஜெயில்ல கீறப்ப எடுத்தா அதுக்குப் பேரு இன்னா? இல்லேன்னவங்க கையாலதான் வாங்குவேன்."

இந்த வறட்டு ரோஷத்தை என்னவென்று சொல்வது! கூட்டத்தின் முடிவுக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று மல்லுக்கு நின்றவர், கூட்டம் இல்லாத இடத்தில் அதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே இந்த இடத்தில்தான்.

மறுநாள் மறுபடி சின்னதுரை முறை. மோட்டாரைக் கிளப்பிவிட்டு வாய்க்காலோடு நடந்து வந்த ஆதிமூலம் திகைத்து நின்றார். தண்ணீர் அவருடைய சொந்தக் கழனிக்குள் போய்க்கொண்டிருந்தது. வெடித்த மண் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது. மடையருகே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு பெரியநாயகி.

"அண்ணி, இது உங்க மொறை!"

"ஆமாம்பா, எங்க மொறைதான். எங்க தண்ணிய எனக்குத் தோணுன பக்கம் வுடறேன். அவனவன் முடிவு அவனவனுக்குன்னு நீதான சபையில சொன்ன? இது என் முடிவு. கேக்க நீ யாரு?"

ஆதிமூலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியநாயகி அந்தப் பக்கம் பார்க்காமல் மடையை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினாள்.

விடுதலையாகி வந்த சின்னதுரை, மனைவி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கைகால்கூடக் கழுவாமல் கிளம்பினார். சாவியை ஆணியில் மாட்டவில்லை. ஆதிமூலத்தின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நான் தப்பா பேசிட்டேன்டா."

அவர் 'நான்' என்று சொல்லி அன்றைக்குத்தான் ஊர் கேட்டது.

மறு வருடம் மறுபடி மறியல். இந்த முறை யாரும் ஆதிமூலத்தைக் கூப்பிடவில்லை. கூட்டத்துக்குப் பத்தடி தள்ளி, தார் ரோட்டில் தனியாக ஓர் ஆள் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"யோவ், நீ இந்தக் கூட்டமா?" என்றார் போலீஸ்காரர்.

"கூட்டம் அவங்க. நானா வந்து ஒக்காந்துகினு கீறேன்."

"அப்ப எழுந்து வூட்டுக்குப் போ."

ஆதிமூலம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேராகப் போய் போலீஸ் வேனில் ஏறினார்.

முன்பே கைதாகி உள்ளே இருந்த சின்னதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், இன்னிக்கு உன் மொறைடா! கதிரு காயுமே, சாவி எங்க?"

"அண்ணிகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

சின்னதுரை நகர்ந்து இடம் விட்டார். வேன் கிளம்பியதும் தம்பியின் தோளில் கையைப் போட்டார். ஆதிமூலம் அந்தக் கையை எடுக்கவில்லை.