ஏழாம் கட்டிலில் கிடைத்த ஐரிஷ் வாக்கியம்

பக்கத்தில் வேலை செய்கிற ஒருத்தி உங்களுக்குப் புரியாத மொழியில் முணுமுணுத்தால், அது என்ன மொழி என்று அவளிடமே கேட்பீர்களா, இல்லை பத்தடி தள்ளிப் போய் இன்னொருவர் காதைக் கடிப்பீர்களா?

அவசரப்பட்டு நல்ல பதிலைச் சொல்லிவிடாதீர்கள். படித்தவர்கள் நிறைந்த ஒரு மருத்துவமனையில் போன வாரம் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அவரை எல்லோரும் இஸ்திரி அக்கா என்பார்கள். அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருட வேலை. கட்டில் விரிப்புகள் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் வரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, நடந்து வந்து கை சேர்த்து, மறுபடி விலகி மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் மகன் கைப்பேசியில் மொழி கற்பிக்கும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தான், அம்மா இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும் என்று. பட்டியலைப் பார்த்தவர் ஐரிஷைத் தொட்டார்.

"ஏம்மா, அத வச்சு என்ன பண்ணப் போற? அந்த நாட்டுலயே முக்கால்வாசிப் பேரு இங்கிலீஷ்தான் பேசுறாங்களாம்."

"பாத்திரம் வெளக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு, துணி மடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. காரணமே இல்லாம ஒண்ணு எனக்கு வேணும்டா. நீ உன் வேலையப் பாரு."

காரணம் பிறகு தானாக வந்தது. அந்த மொழியைப் பேசிய பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் ஒரு காலத்தில் குச்சியைத் தொங்கவிட்டார்கள், பேசியபோதெல்லாம் அதில் ஒரு வெட்டுப் போட்டு, பின்பு வெட்டுகளை எண்ணி அடித்தார்கள் என்று படித்தார். அன்றிலிருந்து ஒரு நாள் பாடத்தையும் அவர் விட்டதில்லை.

இயந்திரத்தின் அருகே கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. தாளில் எழுதி வைத்தால் நீராவியில் கூழாகிவிடும். விரிப்புகளில் வார்டு எண் எழுதித் தைக்கிற வெள்ளை நாடா இருக்கிறதே, அதில் மிஞ்சிய துண்டுகளை எடுத்துக்கொண்டார். அன்றைய வாக்கியத்தை அழியாத மையில் நம் எழுத்தில் எழுதி, மேலங்கியின் உட்பக்கம் ஊக்கால் குத்திக்கொள்வார். மடிக்கிற தாளத்தில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகுவார்.

போன வாரம் ஒரு நாள் ஊக்கு திறந்துகொண்டது. நாடா ஒரு விரிப்பின் மடிப்புக்குள் விழுந்து, ஆண்கள் வார்டின் ஏழாம் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. 'ஓலன் அன் வியன் இஷ்கெ.' பெண் தண்ணீர் குடிக்கிறாள் என்று பொருள், மறக்காமலிருக்க அன்று திரும்பப் படித்த இரண்டாம் பாடம். அன்று சாயங்காலம் அந்தக் கட்டில்காரருக்குக் காய்ச்சல் ஏறியது. விரிப்பை உதறிய அவர் தம்பி நாடாவைப் பார்த்துவிட்டு அலறினார்: "ஐயோ, எங்கண்ணனுக்கு யாரோ செய்வினை வச்சுட்டாங்க!"

கையெழுத்து யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. இவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தானே மாடியேறிப் போய், "அது என் பாடம்ங்க, தவறி விழுந்துருச்சு" என்றார். மறுநாள் விசாரணை.

விசாரிக்க மருத்துவமனை அதிகாரிகள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் சாட்சி, ஆறு வருடமாக இவருக்கு எதிரே நின்று மடிக்கிற பெண்.

"தினமும் என் மூஞ்சியப் பாத்தே சொல்லுவாங்க சார். எனக்கும் ரெண்டு மாசமா முதுகுவலி."

"அறுநூறு விரிப்பு மடிச்சா வலிக்காதாடி? எனக்கும்தான் வலிக்குது. எனக்கு யாரு வச்சா?" என்றார் இஸ்திரி அக்கா.

பிறகு கைப்பேசியை மேசையில் வைத்து, செயலியைத் திறந்து, அந்தப் பாடத்தைத் தட்டினார். ஒரு பெண்குரல் நிதானமாக அதே வாக்கியத்தைச் சொன்னது. கீழே பொருளும் வந்தது. கணக்கு அதிகாரி சிரித்தே விட்டார். முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? பார்வையாளர் வரிசையில் இருந்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதாம்மா? நான் டாக்டர்" என்றார் நடுவில் இருந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர். "ஆனா வெளிய பேச்சு பரவிருச்சு. இனிமே வேலை நேரத்துல மந்திரம் சொல்ல மாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க."

"நாடாவக் கவனிக்காம விட்டது என் தப்பு சார், எழுதித் தர்றேன். ஆனா பாடம்னுதான் எழுதுவேன்."

"பாடம்னா அவங்க நம்ப மாட்டாங்களே."

"மந்திரம்னா நான் நம்ப மாட்டேனே."

பணியிடை நீக்கம். விசாரித்தவர்களில் மந்திரத்தை நம்பியவர் ஒருவர் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. அறியாமை என்று விட்டிருப்பேன். ஐந்து பேருக்கும் உண்மை தெரியும். தெரிந்த ஐந்து பேரும் ஒரு பொய்யில் கையெழுத்துக் கேட்டார்கள். போட மறுத்தவர்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சல்காரர் குணமாகிப் போய் நாலு நாளாகிறது. காய்ச்சலுக்கு மட்டும் இன்னும் விசாரணை நடக்கிறது.

வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுவிசாரணை, சலவைக்கூடத்துக்கு மேலே உள்ள அறையில். அன்று அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும். போட மாட்டேன் என்கிறார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று விதி இருக்கிறது. போன முறை பார்வையாளர் நாற்காலிகளில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நீங்கள் வாருங்கள். வந்து, உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.