மண்புழுவுக்குப் போட்ட அன்னதானம்

மண்புழுவைப் பற்றி எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்பார்கள். எதைப் போட்டாலும் தின்னும் என்பார்கள். ஒருவராவது ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்திருப்பாரா என்றால், கிடையாது. வெட்டினால் பெரும்பாலும் செத்துத்தான் போகும். தலைப்பக்கம் போதுமான நீளம் மிஞ்சினால் வால் வளரலாம், அவ்வளவுதான். இதை நான் சொன்னால், "ரெண்டு நாள் டிரெய்னிங் போய் வந்துட்டு இன்னா பேச்சு பேசறா பாரு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பல்லைக் காட்டுவதற்குப் படிப்பு தேவையில்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. மூலையில் கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் மண்புழு வளர்க்கிறேன். அந்த உரத்தில்தான் மீதி நிலத்தில் கத்தரியும் சாமந்தியும் வருகிறது. வீட்டுக்காரரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அந்த நிலத்தில் வாடகைக்கு விட ரூம் கட்ட வேண்டும். ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் எல்லாரும் கட்டிவிட்டார்களாம், நாம் மட்டும் புழு வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமாம். ஒரு வருஷமாக இதே பாட்டு. தொட்டி இருக்கிறவரைதான் நிலம் நிற்கும், தொட்டி போனால் நிலமும் போகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு வேங்கிக்காலில் ஆபீஸ் வேலை. ஃபைலுக்கு ஃபைல் தலையாட்டிப் பழகிய கழுத்து. அண்ணன் பேசினால் அண்ணனுக்கு ஆட்டுவார், நான் பேசினால் எனக்கு ஆட்டுவார்.

புழுவுக்கு என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வெந்துவிடும், பதினைந்து நாளாவது ஆறியிருக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வரவேண்டும். ஜாஸ்தியானால் மூச்சு முட்டும், கம்மியானால் காய்ந்து போகும். அதற்குக் கண் கிடையாது, பல் கிடையாது, நுரையீரல் கிடையாது. ஈரத்தோலால்தான் மூச்சு விடுகிறது. ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். அப்படி இருந்தும் முட்டை வைக்க இன்னொரு புழுவின் துணை வேண்டும் என்று அடக்கமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்து ஆண்களைவிட எவ்வளவோ மேல்.

போன பௌர்ணமிக்கு என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மாமா எங்கள் வாசலில் அன்னதானம் போடுவார். எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும். கிரிவலம் நடந்து வருகிறவர்கள் பத்தடிக்கு ஒரு பந்தலில் வாங்கித் தின்றுவிட்டு வருவதால், கடைசியில் அண்டாவில் பாதி மிச்சம் நிற்கும். சாமி பேரைச் சொல்லிப் போட்ட சோற்றைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. மாட்டுக்கு வைத்தால் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புண்ணியம் என்று ஆரம்பித்துவிட்டு, அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஊரே முழிக்கும்.

மறுநாள் காலையில் திரும்பி வந்தேன். கொட்டகைக்குள் புளித்த நாற்றம். வெளிச்சத்தையே கண்டு ஓடுகிற பிராணிகள் பட்டப்பகலில் தொட்டிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே சாக்கை விலக்கினால், மஞ்சள் மஞ்சளாகச் சோறு, கடுகு, கறிவேப்பிலை, வேர்க்கடலை. இரண்டு தொட்டியிலும். உப்பு தோலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும், எண்ணெய் தோலை மூடிவிடும், புளிப்பு எரிக்கும். மேலே இருந்தவை சுருண்டு நூலாகிக் கிடந்தன. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

மாமா வாசலில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். பந்தல் பிரிக்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று தெருவே இருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"ரூம் கட்டணும்னா நேரா சொல்லணும் மாமா. வாயில்லாத ஜீவனக் கொன்னுட்டு சாமிக்கு சோறு போடறீங்களா? மனுஷனா நீங்க?"

இன்னும் பேசினேன். எழுதக் கூசுகிறது. அவர் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தார். ஒத்தாசைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் இளக்காரமாகிவிட்டது. பிறகு அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, "உடும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். குற்றமுள்ள நெஞ்சு வேறென்ன பேசும் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

மேலடுக்கை வாரிக் கொட்டினேன். ஒரு தொட்டியின் சுவரோரத்து மூலையில், அடியில் மட்டும் உப்பு இறங்காத உரம் ஒரு கூடை கிடைத்தது. பெரிய புழு ஒன்றுமில்லை. ஆனால் எள்ளுக்குக் கொஞ்சம் பெரிதாக, எலுமிச்சை வடிவத்தில் முட்டைக் கூடுகள் இருந்தன. பழைய பிளாஸ்டிக் பேசினில் ஆறிய சாணத்தோடு போட்டு, ஈரச்சாக்கால் மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அந்த வீட்டில் யாரையும் நான் மதிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வீட்டுக் கூடத்தில் இன்ஜினியர் போட்ட பிளானை விரித்து வைத்திருந்தார்கள். மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது என் வீட்டுக்காரர்.

"புழுதான் செத்துப் போச்சே. எடம் சும்மாதான கெடக்குது."

எழுந்து போய்ப் பேசினைத் தூக்கி வந்து, பிளான் மேலேயே வைத்தேன். தொட்டியின் சுவரோரத்து மூலையில் மிஞ்சியது என்று சொல்லி, உரத்தை விரலால் பிரித்துக் காட்டினேன். வெள்ளை வெள்ளையாக, தையல் நூல் கனம்கூட இல்லாத குஞ்சுகள் நெளிந்தன.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுப்போனார்.

"சொவரோரத்து மூலையா இது? அங்க நான் கொட்டலியே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

நான் மாமாவைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"அண்டாவ அவன் தூக்கினு போனத பாத்தேன்மா. சாமி சோறு வீணாவக் கூடாதுன்னு கொட்டிட்டான். எதப் போட்டாலும் தின்னும்னு நெனச்சிருக்கான். கெட்ட எண்ணம் இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அத்தன பேரு முன்னால அவனத்தான பேசியிருப்ப. தாங்கமாட்டான்."

பேசினை மெதுவாக நகர்த்திவிட்டு, பிளானைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார். "உயிர் இருக்கறப்ப இன்னாத்துக்கு ரூமு" என்றார். அவ்வளவுதான், நிலம் பிழைத்தது.

இத்தனை வருஷமும் ஊரில் யாருக்கும் எதையும் உற்றுப் பார்க்கத் தெரியாது என்று சொல்லித் திரிந்தவள் நான். ஒரே வாசலில் வளைய வருகிற மனிதரை ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. மன்னிச்சிருங்க மாமா என்று சொல்லத்தான் நினைத்தேன். குஞ்சுகளுக்கு வெளிச்சம் ஆகாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பேசினை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.