வலது தோளில் இரண்டு வளையங்கள்

போன வருடம், மழைக்காலம் தொடங்கிய சமயம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மகளை ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் கொண்டுபோயிருந்தோம். கொண்டுபோனோம் என்று சொல்கிறேனே தவிர, குழந்தையைத் தூக்கி வந்தது என் மாமியார்தான். நான் பையைத் தூக்கி வந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் எண்ணூர் போகும் சாலையில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் என் இடது கை நரம்பு அடிபட்டுவிட்டது. முழங்கை மடங்கும். விரல்கள் எதையும் பிடிக்காது. அந்தக் கையோடு சமைக்க, துவைக்க, பஸ் ஏற எல்லாம் பழகிவிட்டேன். குழந்தையைத் தூக்க மட்டும் பழகவில்லை. நான் படுத்துக்கொள்வேன், அத்தை குழந்தையைப் பக்கத்தில் போடுவார். பால் குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை. விழுந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு, எனக்கும்தான். ஆனாலும் வீறிட்டு அழுகிற குழந்தை அவர் தோளில் ஏறியதும் அடங்கும்போதெல்லாம், நான் வெறும் பால் கொடுக்கிற ஆள்தானோ என்று தோன்றும்.

செல்போனில் ஒருநாள் ரிங் ஸ்லிங் என்ற ஒன்றைப் பார்த்தேன். நீளமான துணி, அதன் ஒரு முனையில் இரண்டு வளையங்கள். மறுமுனையை வளையங்களுக்குள் கோத்து, ஒரு தோளில் குறுக்காகப் போட்டு, குழந்தையை நெஞ்சோடு உட்காரவைத்து இழுத்து இறுக்க வேண்டும். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் என் கணவர் மறுபேச்சில்லாமல் வாங்கித் தந்தார். அழகுக்கு ஆசைப்பட்டு ஊதா நிறத்தில் பளபளப்பான துணியாக நான்தான் தேர்ந்தெடுத்தேன். வீடியோவில் பார்த்தபடியே போட்டு, குழந்தையை உள்ளே வைத்தோம். துணி வளையத்துக்குள் மெல்ல வழுக்கி இறங்கியது. கணவர் கீழே கை வைத்திருந்ததால் தப்பித்தோம். அத்தை ஒன்றும் திட்டவில்லை. அதை மடித்து பீரோ மேல் வைத்துவிட்டு, "இது நமக்கு வேணாம்மா. நான் தூக்க மாட்டனா?" என்றார். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

சுகாதார நிலையத்தில் எங்களுக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டுக்கு வந்திருந்த ராயபுரத்துக்காரர். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. நெஞ்சில் அதே மாதிரி துணியில் ஒரு பையன் தூங்க, இரண்டு கையாலும் சாவகாசமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் வைத்த கண் வாங்காமல் பார்த்ததைக் கவனித்து, என்ன என்று கேட்டார். எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் என் கையை இரக்கத்தோடு பார்க்கவில்லை. எந்தத் தோளில் வளையத்தைப் போட்டாய் என்றுதான் கேட்டார். வீடியோவில் இருந்ததைப் போல இடது தோளில் என்றேன். இழுக்க வேண்டிய துணி, பிடிக்க வராத கை பக்கம் தொங்கினால் எப்படி இறுக்குவாய் என்று சிரித்தார். தன் பையனை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, துணியை என் வலது தோளில் மாட்டச் சொன்னார். முதலில் எங்கள் பையை உள்ளே வைத்துப் பழகினோம். பிறகு, அத்தை யோசிப்பதற்குள் தன் பையனை அவரிடம் கொடுத்துவிட்டு என் மகளை வாங்கி, என் நெஞ்சோடு நிமிர்த்தி உட்காரவைத்தார். துணி தொளதொளவென்று இருந்தது. அவர் இழுத்து இறுக்குவார் என்று நான் காத்திருந்தேன். அவர் அசையவில்லை.

"நான் இஸ்து வுட மாட்டேன் தங்கச்சி. நாளைக்கு உன் வூட்டுக்கு நானா வரப் போறேன்? நீயே இஸ்து பாரு. கீழ என் கை கீது."

வலது கையால் இழுத்தேன். மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று ஒவ்வொன்றாக, அவர் சொல்லச் சொல்ல. குழந்தையின் தாடை அதன் நெஞ்சில் இடிக்காமல் முகம் தெரிகிறதா, குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். முடிந்தது. அப்புறம்தான் தன் கையை எடுத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், என் மகள் என்மேல் இருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. என் இடது முழங்கை தானாக மடிந்து அவள் அடியில் முட்டுக்கொடுத்தது. யாரோ பெற்ற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மேலயே தூங்குதும்மா" என்றார் மெதுவாக.

அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரமாகத் துணியைக் கழற்றி, பையனோடு அவரிடம் திருப்பிக் கொடுத்தோம். ஊசி போட்டு வெளியே வந்தபோது அந்தப் பெண் உள்ளே போயிருந்தார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த ஸ்லிங்கை நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றில் வளையத்தைப் பற்றவைத்த ஒட்டு விரலுக்கு நெருடியது, திருப்பி அனுப்பினேன். இன்னொன்று தார்ப்பாய் மாதிரி தடிமன். பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் என் ஒரு கைக்கு அது அசையவே இல்லை. கடைசியில் ஒட்டே இல்லாத வளையங்களோடு, வழுக்காத பச்சைக் கைத்தறித் துணி கிடைத்தது. அரிசிப் பையை வைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பழகினேன். அத்தை எதிரே உட்கார்ந்து குறை சொல்வார். இன்னும் மேலே ஏற்று, இந்தப் பக்கம் தொங்குது பார் என்று. குழந்தையை வைக்கலாம் என்று ஒருநாள் அவரே சொன்னார்.

அடுத்த தடுப்பூசிக்கு நானும் மகளும் மட்டும் போனோம். அத்தை தெருமுனைவரை வந்து நின்றுவிட்டார். வரிசையாக நின்ற லாரிகளைத் தாண்டி, கடல் காற்றில் துணியின் நுனி பறக்க, நான் நடந்தேன். வழியில் அவள் அழுதாள். தட்டிக்கொடுத்தேன், அடங்கினாள். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தச் சாலையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது மகள் நடக்கிறாள், தூக்கினாலே இறங்கத் துடிக்கிறாள். செருப்பை மாட்ட அவள் திணறும்போது என் கை தானாக நீள்கிறது, சிரமப்பட்டு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்தவர் வேலையை வாங்கிச் செய்வதுதான் அன்பு என்று நினைத்து வளர்ந்த எனக்கு, அவரால் முடியும் என்று நம்பிப் பக்கத்தில் நிற்பது அதைவிடப் பெரிய அன்பு என்பது அந்தப் பெண் இழுத்துவிட மறுத்த அன்றைக்குத்தான் புரிந்தது.