எத்தெல்வினாவின் வலது தோள்

எத்தெல்வினாவின் தோள் கெட்டதற்குக் காரணம் மாதாவோடு அவள் பேசிய பேரம்தான் என்பாள் நாத்தனார் சாயோ. அது பாதி உண்மை. எங்கள் ஆந்திகுவா ஊர் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, ஈரக் கனத்தோடு தலைக்கு மேலே கொடியில் வீசிப் போடுகிறவளுக்குத் தோள் தேயாமல் வேறென்ன தேயும்? ஆனால் தேய்ந்ததற்கு வைத்தியம் பார்க்க விடாமல் தடுத்தது அந்தப் பேரம்தான்.

மகன் வில்மர் வடக்கே பிழைக்கக் கிளம்பியவன், எல்லைப் பாலைவனத்தில் கால் வைக்குமுன் ஒருமுறை போனில் பேசினான். பிறகு மூச்சுப் பேச்சில்லை. மறுவருடம் பெரிய வெள்ளியன்று வியாகுல மாதா சப்பரத்தை மற்றப் பெண்களோடு சுமந்தபோது, அவளுக்கு வலது தோள் சுருக்கென்றது. அங்கேயே வேண்டிக்கொண்டாள்: "தாயே, இந்த வலி உனக்கு. என் புள்ளைய மட்டும் உசுரோட வை."

அன்றிலிருந்து அந்த வலிதான் பிள்ளைக்கு அவள் கட்டிய காப்பு. தைலம் தடவ மாட்டாள், மாத்திரை தொட மாட்டாள். தலை வார இடது கைதான். வலி கூடினால், எங்கேயோ அவனுக்கு ஒரு கண்டம் கழிந்தது என்று மனம் தேறுவாள். பைத்தியக்காரத்தனம்தான். பெற்றவளிடம் அதை யார் போய்ச் சொல்வது?

சப்பரம் சாயாமலிருக்க, தவக்காலத்தில் சுமப்பவர்களின் தோள் உயரத்தை அளந்துதான் எங்கள் ஊரில் வரிசை பிரிப்பார்கள். பெண்கள் பக்கம் அளவுகோல் சாயோவின் கையில்.

"அண்ணி, நேரா நில்லுங்க."

"நேராத்தான்டி நிக்கிறேன்."

"எங்க? வலது தோள் இறங்கிக் கெடக்கு. உங்கள வரிசையில விட்டா மாதா குப்புற விழுவா. டாக்டரப் பாக்காம இந்த வருஷம் உங்களுக்கு எடம் கெடையாது."

சப்பரம் இல்லையென்றால் வேண்டுதலும் இல்லை. வேறு வழியில்லாமல் போனாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "கிண்ணத்துல பந்து உக்காந்த மாதிரி இருக்கும்மா தோள் மூட்டு. நடுவுல வழவழன்னு ஒரு உறை. உங்களுக்கு அது தேஞ்சு, எலும்பும் எலும்பும் உரசுது. தேஞ்சது திரும்ப வளராது. அதுக்காக வலியோடயே கெடக்கணும்னு இல்ல. ஊசி போட்டா கொஞ்ச மாசம் அடங்கும். குனிஞ்சு, கையத் தொங்கவிட்டு மெதுவா ஆட்டணும். அதுலயும் கேக்கலைன்னா மூட்டையே மாத்தலாம்."

"ஊசி போட்டாலும் வலி கொஞ்சம் மிச்சம் இருக்குமா?"

"அதுக்குக்கூடவா ஆசப்படுவாங்க?" என்று டாக்டரம்மா சிரித்தார். சாயோ சிரிக்கவில்லை.

வில்மர் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஊசிக்குத் தோளைக் காட்டினாள். சில நாளில் வலி விட்டது. இறங்கிய தோளும் நிமிர்ந்தது. வலது கையால் தலை வாரினாள், வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கினாள். திருடித் தின்றவள் போல எல்லாவற்றுக்கும் உள்ளூரப் பயந்தாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு கழிந்ததும், காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பாலைவனத்தில் எடுத்த எலும்புகளின் மரபணு, அவள் முன்பு அங்கே கொடுத்திருந்த எச்சில் மாதிரியோடு ஒத்துப்போனதாம்.

"நான்தான்டி கொன்னேன்," என்று எத்தெல்வினா தோளில் அறைந்துகொண்டாள். "சுகமா ஊசி போட்டுக்கிட்டுத் தூங்குனேன். அவன் போயிட்டான்."

சாயோ அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல அண்ணி. போன் பண்ணவங்ககிட்ட நல்லாக் கேட்டுட்டேன். உங்ககிட்ட கடைசியாப் பேசுன அந்த வாரமே, தண்ணி கெடைக்காம போயிட்டானாம். நீங்க ஒண்ணும் பண்ணல."

ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாள், பாவம். எத்தெல்வினா கையை உருவிக்கொண்டாள்.

"அப்ப இத்தன வருஷமா யாருக்காகடி தாங்குனேன்?"

 

போக வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் பெரிய வெள்ளியன்று கறுப்பு உடுத்தி வந்தாள். தெரு நிறைய மரத்தூள் கோலம், சாம்பிராணிப் புகை. அவள் முறை வந்தது. சப்பரத்துக் கட்டை வலது தோளில் இறங்கியதும் எத்தெல்வினா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் நடந்த சாயோ பதறிப்போனாள்.

"அண்ணி, தோள் வலிக்குதா? வேற ஆள விடட்டுமா?"

"வலிக்கல சாயோ," என்றாள். "கொஞ்சங்கூட வலிக்கலடி."